மின்தடையும் மின்திறனும்: வோல்டேஜ், கரண்ட் தெரிந்தால் கணக்குப் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வோல்டேஜும் கரண்டும் தெரியும். மின்தடையையும் பவரையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றுக்கு வகுத்தல், இன்னொன்றுக்குப் பெருக்கல். அவ்வளவுதான்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

ஒரு ஹீட்டர் சுருளின் இரு முனைகளுக்கும் இடையில் 12 வோல்ட் இருக்கிறது, அதன் வழியே 1.5 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 ÷ 1.5 = 8 ஓம். 12 × 1.5 = 18 வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வரும், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வோல்டேஜும் கரண்டும் ஒரே பொருளுடையதாக, ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பேட்டரி பெட்டியில் அச்சிட்ட 12 வோல்ட்டையும் மீட்டரில் பார்த்த கரண்டையும் சேர்த்து வகுத்துவிட்டு, 'விடை சரியாக வரவில்லையே' என்பவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் பேட்டரி 11.4 வோல்ட்தான் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த வாய்பாடுகள் மொத்தம் எத்தனை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வோல்டேஜ், கரண்ட், தடை, பவர் என்று நான்கு அளவுகள். எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். வட்டம் போட்டு பன்னிரண்டு வாய்பாடுகளை எழுதிய படம் பல இடங்களில் தொங்கும். அது தேவையில்லை. மேலே சொன்ன இரண்டை வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும். அடிக்கடி தேவைப்படுவன இரண்டு மட்டும்:

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

மேலே சொன்ன ஹீட்டரிலேயே சரிபார்க்கலாம். 1.5 × 1.5 × 8 = 18. 12 × 12 ÷ 8 = 18. மூன்று வழியிலும் ஒரே விடை.

விடை ஆயிரம் மடங்கு தப்பாக வருகிறது. ஏன்?

கரண்டை மில்லி ஆம்பியரில் எடுத்து, ஆம்பியர் என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். 20 மில்லி ஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர். 5 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 0.25. அதை ஓம் என்று எழுதினால் தப்பு, கிலோ ஓம் என்று எழுதினால் சரி. எலெக்ட்ரானிக்ஸில் வேலை செய்பவர்கள் இதைக் குறுக்குவழியாகவே வைத்திருக்கிறார்கள். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை நேராகக் கிலோ ஓமில் வரும், பெருக்கினால் மில்லிவாட்டில் வரும். பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு வாய்பாட்டில் தடை கூடினால் பவர் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது. எது சரி?

இந்தப் பக்கத்திலேயே மிக நல்ல கேள்வி இதுதான். இரண்டுமே சரி. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுவர் பிளக்கில் ஒரு பொருளைச் செருகும்போது வோல்டேஜ் கிட்டத்தட்ட மாறாது. 230 வோல்ட் என்றால் 230 வோல்ட்தான். அங்கே தடையைக் குறைத்தால் கரண்ட் கூடும், பவரும் கூடும். அதனால்தான் 2000 வாட் கெட்டிலின் சுருளுக்குத் தடை குறைவு (சுமார் 26 ஓம்), 60 வாட் குண்டு பல்புக்குத் தடை அதிகம் (எரியும்போது சுமார் 880 ஓம்). இந்த இடத்தில் வோல்டேஜ் வர்க்கத்தைத் தடையால் வகுக்கும் வாய்பாடு யோசிக்க வசதி.

ஒரே கம்பியில் அடுத்தடுத்துக் கோத்த பொருட்களில், அதாவது தொடரிணைப்பில், எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். அங்கே தடை அதிகமாக உள்ள இடத்தில்தான் அதிக வெப்பம். இப்போது கரண்ட் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும் வாய்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் மோதுவதுபோல் தோன்றும் ஒரு பழைய புதிர் இருக்கிறது. 230 வோல்ட்டுக்கான 40 வாட் குண்டு பல்பு ஒன்று, 100 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? பெரும்பாலானோர் 100 வாட் என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

40 வாட் பல்பின் தடை: 230 × 230 ÷ 40 = 1322.5 ஓம்.
100 வாட் பல்பின் தடை: 230 × 230 ÷ 100 = 529 ஓம்.
கூட்டினால் 1851.5 ஓம். கரண்ட் 230 ÷ 1851.5, சுமார் 0.124 ஆம்பியர்.
40 வாட் பல்பு எடுக்கும் பவர் சுமார் 20.4 வாட். 100 வாட் பல்பு எடுப்பது சுமார் 8.2 வாட்.

சின்ன பல்பு ஒளிரும், பெரிய பல்பில் இழை லேசாகச் சிவந்திருந்தால் அதிகம். நிஜத்தில் வித்தியாசம் இந்தக் கணக்கைவிடவும் பெரிதாக இருக்கும். 100 வாட் பல்பின் இழை சூடாகாததால் அதன் தடை 529 ஓமுக்கும் கீழே போய்விடும். அது ஏன் என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் பவரும் 10 சதவீதம்தான் குறையுமா?

தடை மாறாத பொருளில் 19 சதவீதம் குறையும். வோல்டேஜ் குறையும்போது கரண்டும் சேர்ந்து குறைவதால் இரட்டை அடி. 0.9 × 0.9 = 0.81. 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் கெட்டில் 207 வோல்ட்டில் 1620 வாட்தான் எடுக்கும். 3 நிமிடத்தில் கொதித்த தண்ணீருக்கு ஏறக்குறைய 3 நிமிடம் 40 விநாடி ஆகும்.

எதிர்த் திசையில் இது ஆபத்து. 115 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் ஹீட்டரை 230 வோல்ட்டில் செருகினால் அது 2000 அல்ல, 4000 வாட் எடுக்கப் பார்க்கும். ஃபியூஸ் போகும், அல்லது சுருள் போகும்.

பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் 65 ஓம் காட்டுகிறது. கணக்கில் 882 ஓம் வருகிறதே?

இரண்டும் உண்மை. 60 வாட், 230 வோல்ட் பல்புக்கு 230 × 230 ÷ 60 போட்டால் 882 ஓம். அது இழை வெள்ளையாகத் தகிக்கும்போது உள்ள தடை. மீட்டரில் அளப்பது பல்பு ஆறிக் கிடக்கும்போது. டங்ஸ்டன் இழையின் தடை அறை வெப்பநிலையிலிருந்து எரியும் நிலைக்குப் போவதற்குள் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

சுவிட்ச் போட்ட நொடியில் என்ன நடக்கிறது என்று இதிலிருந்தே தெரியும். 230 ÷ 65, சுமார் 3.5 ஆம்பியர். வழக்கமாக ஓடும் 0.26 ஆம்பியரை விட 13 மடங்கு. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இழை சூடேறி கரண்ட் இறங்கிவிடும். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல் சுவிட்ச் போடும்போது 'டப்' என்று போனதற்கு இந்த முதல் அடிதான் காரணம்.

கெட்டிலில் இந்தத் தொல்லை இல்லை. அதன் சுருள் நிக்ரோம் வகைக் கலவை உலோகம். சூடானாலும் தடை சில சதவீதம்தான் மாறும். நீங்களே பார்க்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி விடுங்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்து முதலில் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது ப்ரோப் வயரின் சொந்தத் தடை. பிறகு பிளக்கின் இரண்டு மின்முனைகளிலும் வைத்து, கெட்டிலின் சுவிட்சையும் அழுத்துங்கள். சுவிட்ச் போடாவிட்டால் மீட்டர் எதுவும் காட்டாது, 'சுருள் போச்சு' என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். 26 ஓமை ஒட்டி ஏதாவது வந்தால் 230 × 230 ÷ 26, ஏறத்தாழ 2000 வாட். அடியில் ஒட்டிய தகட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் ஓம் விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்தாதா?

ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில் சொன்னது, ஒரு கடத்தியில் ஓடும் கரண்ட் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜுக்கு ஏற்ற விகிதத்தில் மாறும் என்பது. அவர் சோதனை செய்த விதம் சுவாரசியமானது. அந்தக் காலத்து பேட்டரிகளின் வோல்டேஜ் நிலையாக நிற்காது. அதனால் அவர் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் சேர்த்த வெப்ப இணையைப் (இரு சந்திப்புகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் வோல்டேஜ் தரும் அமைப்பை) பயன்படுத்தினார். ஒரு சந்திப்பு கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை வித்தியாசம் மாறாது, ஆகவே வோல்டேஜும் மாறாது. முதலில் அவருடைய வேலையைப் பலர் மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது.

வெப்பநிலை மாறாத உலோகத்துக்கு இந்த விதி அச்சு அசலாகப் பொருந்தும். எல்.இ.டி, டயோடு, டிரான்சிஸ்டர் போன்றவற்றுக்குப் பொருந்தாது. அங்கேயும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து ஒரு எண்ணை எடுக்கலாம், ஆனால் அது அந்த ஒரு நிலைக்கு மட்டும்தான் செல்லும். ஒரு சிவப்பு எல்.இ.டி 1.9 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் எடுத்தால் 380 ஓம். அதே எல்.இ.டி 2.1 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால் 105 ஓம். இதில் எதை அதன் தடை என்பது?

லேப்டாப் அடாப்டர் இன்னும் விசித்திரம். 240 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் எடுத்து 60 வாட் வாங்கும் அடாப்டர், 120 வோல்ட் கொடுத்தால் 0.5 ஆம்பியர் எடுத்து அதே 60 வாட்டை வாங்கிக்கொள்ளும். வோல்டேஜ் பாதியானதும் கரண்ட் இரட்டிப்பு. முன் கேள்வியில் பார்த்த வர்க்கக் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் பவர் = வோல்டேஜ் × கரண்ட் என்பது அந்தந்தக் கணத்தில் எல்லாப் பொருளுக்கும் செல்லும். வர்க்கம் வரும் வாய்பாடுகள் இரண்டும் தடை என்ற ஒன்று நிலையாக இருக்கும் இடத்தில்தான் அடுத்த நிலையைச் சொல்ல உதவும்.

எல்.இ.டிக்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்?

ரெசிஸ்டருக்குக் கிடைக்கும் வோல்டேஜைக் கண்டுபிடியுங்கள், சப்ளை வோல்டேஜை அல்ல. 5 வோல்ட் சப்ளை, எல்.இ.டி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது, மீதி 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 15 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் 3 ÷ 0.015 = 200 ஓம். எளிதில் கிடைக்கும் மதிப்பு 220 ஓம். அதைப் போட்டால் 13.6 மில்லி ஆம்பியர் ஓடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மேல்நோக்கித் தேர்ந்தெடுப்பது நல்லது. எல்.இ.டிக்குக் கொஞ்சம் குறைந்த கரண்ட் கெடுதல் செய்யாது.

ரெசிஸ்டரில் கால் வாட், அரை வாட் என்கிறார்களே, அது எதற்கு?

அது தாங்கும் வெப்பத்தின் எல்லை. மேலே சொன்ன 220 ஓமில் 3 × 3 ÷ 220, அதாவது 0.04 வாட்தான். கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். அதே எல்.இ.டியை 24 வோல்ட்டில் ஓட்டினால் 22 வோல்ட் ரெசிஸ்டர் தலையில் விழும். 1500 ஓம் போட வேண்டும், பவர் 22 × 22 ÷ 1500 = 0.32 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தொட முடியாத அளவு சூடாகி, நாளடைவில் பழுப்பாகி, சுற்றியுள்ள போர்டையும் கருக்கிவிடும். கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரைப் போடுவது வழக்கம். இங்கே ஒரு வாட் ரெசிஸ்டர் போட்டால் நிம்மதி.

ஏசி மின்சாரத்துக்கும் இதே கணக்குதானா?

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு போன்றவற்றுக்கு ஆம். ஏசியில் 230 வோல்ட் என்று சொல்வது உச்ச மதிப்பை அல்ல. அலை உண்மையில் 325 வோல்ட் வரை ஏறி இறங்கும். அதே அளவு வெப்பத்தைத் தரக்கூடிய டிசி வோல்டேஜ் எதுவோ அதைத்தான் 230 என்கிறோம். பவர் கணக்கு நேராக வரவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மோட்டார் உள்ள பொருளில் கதை மாறும். கரண்டும் வோல்டேஜும் ஒன்றாக ஏறி இறங்காமல் முன்பின்னாக நடக்கும். 230 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் எடுக்கும் ஒரு மோட்டாரின் திறன் காரணி (வோல்ட் × ஆம்பியரில் உண்மையான பவராகும் பங்கு) 0.8 என்றால்:

230 × 0.5 = 115 வோல்ட்-ஆம்பியர்
115 × 0.8 = 92 வாட்

மீட்டரில் ஏறுவது 92 வாட். வயரில் ஓடுவது 0.5 ஆம்பியர் முழுதும். அதனால் வயர் தடிமனை 115-ஐ வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 230-ஐ 0.5-ஆல் வகுத்தால் வரும் 460 ஓமும் மின்தடை இல்லை, அது இம்பீடன்ஸ், அதாவது ஏசி கரண்டுக்கு அந்தச் சுருள் கொடுக்கும் மொத்தத் தடங்கல். மோட்டாரை நிறுத்தி அதன் சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும். சுருள் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

மீட்டரை எப்படி இணைப்பது?

வோல்டேஜ் அளக்க, பொருளின் இரு முனைகளிலும் ப்ரோபை வைத்தால் போதும். கரண்ட் அளக்க, சுற்றை ஓரிடத்தில் வெட்டி மீட்டரை நடுவில் செருக வேண்டும். கரண்ட் அளவில் மீட்டரின் சொந்தத் தடை மிகக் குறைவு. ப்ரோப் ஆம்பியர் துளையில் இருக்கும்போதே வோல்டேஜ் பார்க்கப் போனால் சப்ளையை நேராக ஷார்ட் செய்ததுபோல் ஆகும். அதிர்ஷ்டம் இருந்தால் மீட்டரின் ஃபியூஸ் மட்டும் போகும். ஓம் அளவை மின்சாரம் ஓடும் சுற்றில் ஒருபோதும் வைக்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தில் கரண்ட் பார்க்க கிளாம்ப் மீட்டர்தான் என் தேர்வு. எதையும் வெட்ட வேண்டாம், உலோகத்தைத் தொடவும் வேண்டாம். ஆனால் இரு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்ஜியம் காட்டும். ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும்.

அளந்து கணக்கிட்ட தடை எவ்வளவு துல்லியம்?

மீட்டர் வோல்டேஜில் 1 சதவீதமும் கரண்டில் 2 சதவீதமும் பிசகலாம் என்றால் தடையில் 3 சதவீதம் வரை பிசகலாம். பவரிலும் அப்படியே. கரண்டை வர்க்கப்படுத்தும் வாய்பாட்டில் கரண்டின் பிழை இரட்டிப்பாகும்.

மீட்டரை வைக்கும் இடமும் கணக்கைக் கெடுக்கும். 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 மெகா ஓம் உள்தடை கொண்ட வோல்ட்மீட்டரை வைத்தால், அம்மீட்டரில் (கரண்ட் அளக்கும் மீட்டரில்) தெரியும் கரண்டில் ஒரு பங்கு வோல்ட்மீட்டர் வழியே போனது. விடை 0.91 மெகா ஓம் என்று வரும். பெரிய தடைக்கு அம்மீட்டரை ரெசிஸ்டரை ஒட்டி வைத்து, இரண்டுக்கும் சேர்த்து வோல்டேஜ் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவான தடைக்கு நேர் எதிர்: வோல்ட்மீட்டர் ப்ரோபை ரெசிஸ்டரின் உடம்பை ஒட்டியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயரையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

வயரின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கரண்ட் அதிகமென்றால் கட்டாயம். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் மீட்டருக்கு 0.0172 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை 10 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர 20 மீட்டர், மொத்தம் 0.23 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 2.3 வோல்ட் வழியிலேயே போய்விடும், 23 வாட் வெப்பமாகும். அந்த 23 வாட் இருபது மீட்டர் நீளத்துக்கும் பரவுவதால் வயர் வெதுவெதுப்பாவதோடு சரி.

அதே அளவு தடை ஒரே இடத்தில் இருந்தால்? பிளக் பாயின்ட்டில் ஸ்க்ரூ தளர்ந்து அந்த ஓரிடத்தில் 0.2 ஓம் ஏற்பட்டுவிட்டது என்று வையுங்கள். 10 × 10 × 0.2 = 20 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் எடுக்கும் பவர் அது. பிளாஸ்டிக்குக்குள் புதைத்து வைத்த சால்டரிங் அயர்ன்போல் அந்த முனை காயும். பிளக் பழுப்பேறுவது, உருகுவது, கருகிய வாசனை வருவது எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான். ஃபியூஸ் இதைக் காப்பாற்றாது. கரண்ட் 10 ஆம்பியர்தான் ஓடுகிறது, அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது.

தொலைதூரத்துக்கு மின்சாரத்தை உயர் வோல்டேஜில் அனுப்புவதும் இதே வர்க்கத்தால்தான். வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே பவருக்குக் கரண்ட் பத்தில் ஒன்று, கம்பியில் வீணாவது நூறில் ஒன்று.

பேட்டரியின் உள்தடையை இதே முறையில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் இரண்டு அளவீடு வேண்டும். சும்மா இருக்கும் கார் பேட்டரி 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 10.6 வோல்ட்டுக்கு இறங்குகிறது. இறங்கியது 2 வோல்ட், 2 ÷ 200 = 0.01 ஓம். ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 2120 வாட், பேட்டரிக்குள்ளேயே வெப்பமாவது 400 வாட். பேட்டரி வயதாக ஆக இந்த உள்தடை ஏறும். சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, சாவி போட்டதும் படுத்துவிடும் பேட்டரியின் நோய் இதுதான்.

வாட்டுக்கும் யூனிட்டுக்கும் என்ன தொடர்பு?

வாட் என்பது வேகம். யூனிட், அதாவது கிலோவாட் மணி, மொத்தம் செலவானது. 2000 வாட் கெட்டில் 3 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். 10 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தாலும் அதே 0.1 யூனிட்.

விடையில் எத்தனை தசம இலக்கம் எழுதுவது?

கால்குலேட்டர் 26.4367816 என்று காட்டும். மீட்டரே 3 சதவீதம் பிசகும்போது 26 ஓம் என்று எழுதினால் போதும்.